கால் பலம் குறைகிறதா? முதியவர்களின் சதைத் தேய்வை வீட்டிலேயே கண்டறிவோம்

"வயசு போச்சு, காலு பலம் விட்டுப் போச்சு."

நம் லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. சொல்கிறவரும் இதை ஒரு வருத்தமாக நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தலை நரைப்பது போல, பல் விழுவது போல இதுவும் ஒன்று என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் இது அப்படி விட்டுவிடக்கூடிய காரியம் அல்ல. கால் பலம் குறைந்த முதியவர் ஒரு நாள் ஈரப் படியில் தடுமாறி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அதன் பிறகு பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை. கக்கூசுக்குப் போகவும் கை பிடிக்க ஆள் வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்க வேண்டும். நாட்சம்பளத்தை நம்பி ஓடுகிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இந்த ஆபத்து அடையாளம் காட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த அடையாளங்களை வீட்டில் உள்ளவர்களே கண்டுகொள்ளலாம். கண்டுகொண்டால் பெருமளவு திருத்தவும் முடியும். அது எப்படி என்பதே இந்த முறை நமது பாடம்.

சதைத் தேய்வு என்றால் என்ன?

நம் உடம்பை நிமிர்த்துவதும், நடக்க வைப்பதும், சுமை தூக்க வைப்பதும் எலும்பின் மேல் இருக்கிற தசைகள்தான். பேச்சு வழக்கில் சதை என்கிறோம். ஏறக்குறைய 30 வயது தாண்டியதும் இந்தச் சதை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. பத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 60 வயதுக்குப் பிறகு இந்த வேகம் இன்னும் கூடுகிறது. சதையின் அளவு குறைவதைவிட அதன் பலம் வேகமாகக் குறைகிறது.

எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், அது இயற்கை. ஆனால் சிலருக்கு அளவுக்கு மீறிக் குறைந்து, அன்றாட வேலையே செய்ய முடியாத நிலை வருகிறது. அதைத்தான் வைத்தியர்கள் 'சார்கோபீனியா' என்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞானி இர்வின் ரோசன்பேர்க் 1989இல் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் இதற்குச் 'சதைக்கு வந்த வறுமை' என்று பொருள் சொல்லலாம். 2016இல் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். ஆகவே 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுகிற காலம் போய்விட்டது.

சதை நடப்பதற்கு மட்டும் உதவுவதில்லை. சாப்பிட்ட பின் இரத்தத்தில் கூடுகிற சீனியின் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வதும் சதைதான். காய்ச்சல், சத்திரசிகிச்சை என்று உடம்பு கஷ்டப்படும் நேரத்தில் தேவைப்படும் புரதமும் சதையிலிருந்தே வருகிறது. சதை தேய்ந்தவர் சின்ன வருத்தம் வந்தாலும் தேறி எழும்ப நாளாவது இதனால்தான்.

"வாழ்நாளெல்லாம் மலை ஏறினோமே!"

"நாப்பது வருஷம் கூடையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறி இறங்கின உடம்பு இது. எங்களுக்கு எப்படிப் பலம் குறையும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சேமலாப நிதியில் போட்ட பணம் வேலையை விட்ட பிறகும் நம் பெயரில் கிடக்கும். சதை அப்படிக் கிடக்காது. பாவிக்கிற வரைதான் அது இருக்கும். பாவிக்காமல் விட்டால் உடம்பே அதைக் கரைத்துவிடும். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுகமாக இருந்த முதியவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்த 10 நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குக் கிட்டச் சதை குறைந்துவிட்டது.

நம் தோட்டங்களில் நடப்பதையும் பாருங்கள். நேற்று வரை காலையில் பிரட்டுக்களம், பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுவை என்று ஓடியவர், வேலையை விட்டதும் இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுகிறார். "இனி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருங்க" என்று பிள்ளைகளும் பாசத்தோடு சொல்கிறார்கள். அந்தப் பாசமே காலைக் கட்டிப் போடுகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. 60 வயது தாண்டி, பெரும்பாலும் உட்கார்ந்தோ படுத்தோ பொழுதைக் கழிப்பவர்கள்.

2. அண்மையில் ஆஸ்பத்திரியில் தங்கி வந்தவர்கள்.

3. முயற்சி செய்யாமலே உடம்பு மெலிந்தவர்கள்.

4. ரொட்டி, சம்பல், தேத்தண்ணி என்றே நாளை ஓட்டுபவர்கள். பல் இல்லாததால் கடினமான உணவை ஒதுக்குபவர்கள்.

5. சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், நாட்பட்ட இளைப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள்.

6. தொடர்ந்து சாராயம், கசிப்பு குடிப்பவர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆள் பருமனாக இருப்பதால் சதை பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெளியே கொழுப்பு இருக்க, உள்ளே சதை தேய்ந்திருக்கலாம். தராசு இதைக் காட்டாது.

ஐந்து கேள்விகள்

உலகின் பல நாடுகளில் வைத்தியர்கள் கேட்கிற ஐந்து கேள்விகளை நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி கீழே தருகிறோம். வீட்டிலுள்ள பெரியவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் நான்கு கேள்விகளுக்கும் கஷ்டமே இல்லை என்றால் 0, கொஞ்சம் கஷ்டம் என்றால் 1, மிகக் கஷ்டம் அல்லது முடியவே முடியாது என்றால் 2 புள்ளி போடுங்கள்.

1. பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ சாமானைத் தூக்கிக்கொண்டு போக முடிகிறதா? நாலரை லீட்டர் தண்ணீர் இந்தப் பாரம் இருக்கும்.

2. காம்பராவின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கக் கஷ்டமா? தடி பிடித்தோ ஆள் பிடித்தோதான் நடக்கிறார் என்றால் 2 போடுங்கள்.

3. கதிரையிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழும்பக் கஷ்டமா? இன்னொருவர் தூக்கிவிட வேண்டும் என்றால் 2.

4. பத்துப் படி ஏறக் கஷ்டமா?

5. போன ஒரு வருடத்தில் எத்தனை தடவை விழுந்தார்? விழவில்லை என்றால் 0, ஒன்று முதல் மூன்று தடவை என்றால் 1, நான்கு தடவையோ அதற்கு மேலோ என்றால் 2.

ஒரு பேச்சுக்கு 66 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். தண்ணி தூக்கக் கொஞ்சம் கஷ்டம், 1. வீட்டுக்குள் நடக்கக் கஷ்டமில்லை, 0. எழும்பக் கொஞ்சம் கஷ்டம், 1. படி ஏறவே முடியவில்லை, 2. வருடத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார், 1. மொத்தம் 5 புள்ளி.

மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சதைத் தேய்வு ஆபத்து உண்டு. வைத்தியரிடம் காட்ட வேண்டும். 4க்குக் குறைந்தால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நம் பெரியவர்கள் "கஷ்டமா? எனக்கென்ன கஷ்டம்!" என்று சொல்லிப் பழகியவர்கள். ஆகவே கீழே உள்ள சோதனைகளையும் செய்து பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

முதலாவது, விரல் வளையம். இது ஜப்பானில் தொடங்கிய முறை. பெரியவர் கதிரையில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்ற வேண்டும். தன் இரண்டு கைகளின் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் போல் ஆக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் ஒன்றை ஒன்று தொட முடியாவிட்டால் சதை போதுமான அளவு உண்டு. விரல்கள் தொட்டு, காலுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளியும் இருந்தால் சதை குறைந்திருக்கக்கூடும். தையல் நாடா இருந்தால் அளந்தும் பார்க்கலாம். ஆசிய நாடுகளின் வைத்தியர் குழுவொன்று 2019இல் சொன்ன அளவுப்படி, கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்றிமீற்றரிலும் பெண்களுக்கு 33 சென்றிமீற்றரிலும் குறைந்தால் கவனிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, எழும்பி உட்காருதல். கைப்பிடி இல்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பெரியவர் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி எழும்பி உட்கார வேண்டும். நீங்கள் மணிக்கூட்டைப் பாருங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால், அல்லது கை ஊன்றாமல் எழும்பவே முடியாவிட்டால், காலில் பலம் குறைந்திருக்கிறது.

மூன்றாவது, நடை. லயத்து வாசலில் சமதரையாக 6 மீற்றர், அதாவது ஏறக்குறைய 20 அடி அளந்து கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 6 செக்கனுக்கு மேல் எடுத்தால் நடை மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனைகள் செய்யும்போது ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைசுற்று, நெஞ்சு நோவு உள்ளவர்களுக்குச் செய்ய வேண்டாம்.

சோதனை எதுவும் இல்லாமலே கண்ணில் படும் அடையாளங்களும் உண்டு. போத்தல் மூடி திருக முடியாமல் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவது, பீலியில் குடத்தை முக்கால்வாசி மட்டும் நிரப்புவது, கோயிலுக்குப் போகாமல் "நான் வீட்லயே கும்பிட்டுக்கிறேன்" என்பது, எழும்பும்போது சுவரைத் தேடிக் கை போவது. இவற்றைக் கண்டால் கேலி பண்ணாதீர்கள், குறித்து வையுங்கள்.

யாரிடம் காட்டுவது?

புள்ளிகள் 4 அல்லது அதற்கு மேல் வந்தாலோ சோதனைகளில் பலம் குறைவு தெரிந்தாலோ, முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் போட்ட புள்ளிகளை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் டொக்டருக்கு உதவியாக இருக்கும். இரத்தச் சோகை, சீனி வருத்தம், தைரொயிட், காசநோய் போன்றவையும் இதே மாதிரிப் பலவீனத்தையும் மெலிவையும் உண்டாக்கும். அவற்றுக்குத் தனி மருந்து உண்டு. ஆகவே நாமாகவே ஒரு முடிவு எடுத்துவிடக் கூடாது.

ஒரு பக்கத்துக் கையோ காலோ திடீரென்று விழுந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முட்டை யாருக்கு?

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது.

"அத்தை, இந்த முட்டை ஒங்களுக்கு."

"எனக்கு எதுக்கும்மா? சின்னவனுக்குக் குடு. நான் இனி வளரவா போறேன்?"

"வளர இல்ல அத்தை, நடக்க."

அந்த மருமகள் சொன்னதே சரி. சதை புரதத்தால் ஆனது. வயது போனவர்களின் உடம்பு புரதத்தை இளவயதினரைப் போல் சுலபமாகச் சதையாக மாற்றுவதில்லை. அதனால் அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே தேவை. உடம்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்று 2013இல் வைத்திய நிபுணர் குழுவொன்று சிபாரிசு செய்தது. 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 45 முதல் 54 கிராம் புரதம் வேண்டும்.

இனி நம் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போம். காலையில் 100 கிராம் மாவில் சுட்ட ரொட்டி, 10 கிராம். மத்தியானம் 100 கிராம் அரிசிச் சோறு, 7 கிராம். தண்ணியாக வைத்த பருப்பும் மரக்கறியும், ஒரு 4 கிராம். இரவில் மறுபடி ரொட்டி, 10 கிராம். எல்லாம் சேர்த்து 31 கிராம்தான். வயிறு நிறைகிறது, சதைக்குப் போதவில்லை.

குறைவதை எப்படி ஈடு செய்வது? ஏறக்குறைய இந்த அளவுகளை நினைவில் வையுங்கள்.

முட்டை ஒன்று: 6 கிராம்.
பருப்பு, பயறு, கடலை, கௌப்பி இவற்றில் ஏதாவது வேக வைக்குமுன் 50 கிராம்: 10 முதல் 12 கிராம்.
நெத்தலிக் கருவாடு 15 கிராம், அதாவது ஒரு சின்னப் பிடி: 8 கிராம்.
சோயா மீட் உலர்ந்தது 30 கிராம்: 15 கிராம்.
கச்சான் ஒரு பிடி, 30 கிராம்: 7 கிராம்.
பசும்பால் ஒரு கோப்பை: 6 கிராம்.

மேலே சொன்ன 31 கிராமோடு அவித்த கடலை 50 கிராமும் நெத்தலி ஒரு பிடியும் முட்டை ஒன்றும் சேர்த்தால் 55 கிராம் வந்துவிடுகிறது. இறைச்சி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எல்லாவற்றையும் ஒரே வேளைக்குக் கொடுக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவர்களுக்குக் கடலையையும் பயறையும் நன்றாக அவித்து மசித்துக் கொடுக்கலாம். பருப்பைக் கெட்டியாக வையுங்கள். கருவாட்டை நன்றாகக் கழுவி உப்பைக் குறையுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு இது முக்கியம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

போன பலம் திரும்புமா?

திரும்பும். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் இருந்த 90 வயதுக்குக் கிட்டிய 10 பேருக்கு, கண்காணிப்போடு கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 8 வாரத்தில், பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. 90 வயதில் இது முடியுமானால் 65 வயதில் ஏன் முடியாது?

நாம் இயந்திரம் எதுவும் வாங்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை செய்யட்டும். முடியாதவர்கள் மூன்று நான்கு தடவையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

1. கதிரையில் உட்கார்ந்து எழும்புதல். முதலில் கை ஊன்றி, பழகிய பிறகு ஊன்றாமல்.

2. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் நின்று, மெதுவாக இறங்குதல்.

3. சுவரில் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பைச் சுவரை நோக்கிச் சாய்த்துத் தள்ளி மீளுதல்.

4. ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, முழங்கையை மடக்கி உயர்த்துதல்.

5. எதையாவது பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 செக்கன் நிற்றல். விழாமல் இருக்க இது உதவும்.

மூச்சை அடக்காமல், எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். நெஞ்சு நோவோ தலைசுற்றோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்களும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் டொக்டரிடம் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். நடப்பதும் நல்லதுதான், ஆனால் நடை மட்டும் சதையைக் கூட்டப் போதாது. மேலே சொன்ன பயிற்சிகளும் வேண்டும். சாப்பாடு இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தாலும், பயிற்சி இல்லாமல் சாப்பாடு மட்டும் கொடுத்தாலும் பாதிப் பலன்தான்.

வீட்டு வேலையில் ஒரு பங்கையும் அவர்களிடமே விடுங்கள். கீரை ஆயட்டும், வாசல் கூட்டட்டும், மரக்கறிப் பாத்திக்குத் தண்ணி ஊத்தட்டும். அதோடு, படியில் பாசி பிடிக்காமல் தேய்த்து விடுங்கள். இரவில் வெளியே போக ஒரு டோர்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள்.

படித்ததைத் திரும்பிப் பார்ப்போம்

பிள்ளைகள் இதை வாசித்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம்.

1. வேலையை விட்ட பிறகு கால் பலம் ஏன் வேகமாகக் குறைகிறது?

2. ஐந்து கேள்விகளில் எத்தனை புள்ளி வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

3. கை ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி உட்கார 12 செக்கனுக்கு மேல் எடுத்தால் என்ன அர்த்தம்?

4. நேற்று நம் வீட்டுத் தாத்தாவும் அப்பாயியும் சாப்பிட்டதில் எத்தனை கிராம் புரதம் இருந்தது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் ஒரு மணிக்கூட்டையும் ஒரு கதிரையையும் எடுத்து வையுங்கள். வீட்டில் 60 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் சோதனை செய்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் பெரியவர்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் புள்ளி போட வீட்டில் ஆளில்லை.